ஓக்ராபீஸ் பாறையாடு: 600 லென்ஸ் எடுத்தால் நெளிவு போகுமா?

டர்பன்கேமரா:
ஜூலையில் டர்பனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பக்கத்தில் உள்ள ஓக்ராபீஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நம்ம ஊர் வரையாடு மாதிரி பாறையில் நிற்கும் காட்டாட்டை எடுக்க வேண்டும். கையில் 100-400 மி.மீ. லென்ஸ். வறண்ட இடங்களில் ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் தண்ணீருக்குள் எடுத்தது போல நெளிகிறது. 600 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா?

கல்லுமேடு:
முதலில் ஒன்று. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான காட்டாடு கிடையாது. கேப் டவுன் டேபிள் மலையில் பரவிய இமாலய வரையாடுகூட 1936-ல் மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய ஜோடியின் வம்சம்தான். நீங்கள் பார்க்கப்போவது கிளிப்ஸ்பிரிங்கர், சின்ன இரலை மான். தோளுயரம் 55 செ.மீ. வரும், குளம்பு நுனியில் நிற்கும். இங்கே கொம்பு கிடாவுக்கு மட்டும்.

பெரும்பாலும் ஜோடி, ஒன்று மேயும்போது மற்றது காவல். ஒரே இடத்தில் புழுக்கை போடும். பக்கத்துக் குச்சி நுனிகளில் தார் போலக் கறுப்புப் பிசின் இருக்கும், கண்ணோரச் சுரப்பியில் தேய்த்தது. புழுக்கை புதிதாகப் பளபளத்தால் அங்கேயே உட்காருங்கள், அலையாதீர்கள். வானம் பின்னணியாகத் தெரியும் உச்சியில் நிற்கக் கூடாது. கிட்டே போவதென்றால் நேரே போகாமல் பக்கவாட்டில் சாய்வாக நடங்கள். அது எச்சரிக்கையாக விசிலடித்தால் அசையாமல் உட்காருங்கள். பெரும்பாலும் உயரமான பாறையில் ஏறி நின்று உங்களையே பார்க்கும். துரத்துகிறவருக்குப் பின்புறம்தான் கிடைக்கும்!

எங்கெங்கே வண்டியை விட்டு இறங்கலாம் என்று வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுத்தை உள்ள இடம்.

வெயில்காலம்:
600 வேண்டாம் தம்பி. நெளிவு லென்ஸில் இல்லை, இடையில் உள்ள காற்றில். சூடேறிய பாறையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. தூரம் கூடக்கூட மோசம். 600 அதையும் சேர்த்துப் பெரிதாக்கும். 30 மீட்டருக்குள் 400 போதும்.

ஜூலையில் அங்கே விடிய 7:30 ஆகும், டர்பன் கணக்கில் போகாதீர்கள். முதல் ஒன்றரை மணி நேரம்தான் சுத்தமான காற்று. வண்டி ஹீட்டரில் சூடான லென்ஸைக் குளிரில் நீட்டினாலும் இதே நெளிவுதான். அரை மணி முன்பே வண்டிக் கண்ணாடியை இறக்கி ஹீட்டரை அணையுங்கள். யூவி ஃபில்டரையும் கழற்றுங்கள். ஷட்டர் 1/1000, துளை எஃப் 6.3, ஐஎஸ்ஓ ஆட்டோ. வானம் பின்னணியானால் எக்ஸ்போஷர் +1. பத்துப் பத்தாகச் சுட்டால் ஒன்றிரண்டு தெளிவாக விழும்.

டர்பன்கேமரா:
நன்றி அண்ணே. ட்ரைபாட்?

வெயில்காலம்:
வண்டிக்குள் இடைஞ்சல். துணிப்பையில் 2 கிலோ அரிசி போட்டு ஜன்னலில் வையுங்கள். முட்ட நிரப்பினால் லென்ஸ் உருளும், முக்கால் பை போதும். எஞ்சினை அணைக்க மறக்காதீர்கள்.