புதுப்பிப்பு: அதிரசம் இந்தத் தடவை பிரியவில்லை

போன வாரம் இதே இழையில் புலம்பியிருந்தேன்: அம்மா இல்லாத இரண்டாவது தீபாவளிக்கு அதிரசம் சுட்டுப் பார்த்தேன், எண்ணெயில் போட்டதும் பிரிந்து தூளாகிவிட்டது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி சுட்டேன்.

தப்பு பாகில்தான். இளம்பாகிலேயே இறக்கியிருக்கிறேன். இந்தத் தடவை கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. கடை மாவும் வேண்டாமென்று பச்சரிசியை ஊறவைத்து, அப்பாவின் பழைய வேட்டியில் நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகுமுன்னே அரைத்தேன். 1 கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம், ஏலக்காய், சுக்கு. பிசைந்த மாவை இரண்டு நாள் மூடி வைத்தேன். (மூன்று நாள் என்று ஒருவர் சொன்னார். பொறுமை இல்லை.)

வாழையிலையில் தட்டி எண்ணெயில் நழுவவிட்டேன். அடியில் போய் உட்கார்ந்தது. அப்புறம் மெல்ல உப்பி மேலே வந்தது. இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது எண்ணெய் சொட்டுமே, அந்தச் சத்தத்தில்தான் கண் கலங்கியது. ருசியில் இல்லை. உண்மையைச் சொன்னால் ஓரம் கொஞ்சம் கடினம்.

சர்க்கரை உள்ள அப்பா பேசாமல் இரண்டு தின்றார். நானும் தடுக்கவில்லை. மூன்றாவதைப் பிட்டுக்கொண்டே, "அவ பாகு வெல்லம்தான் வாங்குவா" என்றார்.

மீதி மாவு இருக்கிறது. வெல்லம்தான் மாற்ற முடியாது.