ஊர் கூடி ஒருவரை நிறுத்துவது மக்களாட்சி ஆகுமா?

கேள்வி: திருமங்கலத்துக்காரர்

வணக்கம். எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே உள்ள ஒரு சிறிய ஊராட்சி. சென்ற உள்ளாட்சித் தேர்தலின்போது பெரியவர்கள் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடி, கோயில் திருப்பணிக்கு அதிகத் தொகை தர முன்வந்தவரையே தலைவராக நிறுத்துவதென்று முடிவு செய்தார்கள். மனுத் தாக்கல் செய்திருந்த மற்ற இருவரும் விலகிக்கொண்டதால் அவர் போட்டியின்றித் தேர்வானார். "சண்டை இல்லை, செலவு இல்லை, கட்சி இல்லை, ஊரே ஒருமனதாக இருந்தது, இதைவிட நல்ல மக்களாட்சி எங்கே இருக்கிறது?" என்று அப்பா கேட்கிறார். எனக்கு அது தவறாகப் படுகிறது. எங்கே தவறு என்று விளக்கத் தெரியவில்லை. பெரும்பான்மை முடிவைவிட ஒருமித்த முடிவு உயர்ந்ததுதானே?

பதில்: மேலூர் ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, போட்டியின்றித் தேர்வாவது சட்டத்துக்குப் புறம்பானதன்று. விலகும் காலக்கெடு முடிந்தபின் ஒருவரே களத்தில் இருந்தால் தேர்தல் அலுவலர் அவரை வெற்றி பெற்றவராக அறிவிப்பார். கட்சி இல்லை என்பதும் ஊர்க்கூட்டத்தின் சாதனையன்று, ஏனெனில் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னமின்றியே நடக்கிறது. பார்க்க வேண்டியது வேறு: அந்த இருவரும் தாமாக விலகினார்களா, பதவிக்குப் பணம் கைமாறியதா என்பதே. பதவியை ஏலம் விடுவது குற்றம்; தொகை கோயிலுக்குப் போனாலும், பணம் உள்ளவரே தலைவராகலாம் என்ற விதி அங்கே எழுதப்பட்டுவிடுகிறது.

"ஊர்" என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று எங்கள் வட்டாரம் கசப்பாகக் கற்றிருக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டபின், 2006 வரை பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் அமரவே முடியவில்லை. மனுச் செய்ய ஆள் இல்லாமலும், செய்தவர் விலகியும், தேர்வானவர் உடனே பதவி விலகியும் தேர்தல் பொய்த்துக்கொண்டே இருந்தது. அங்கும் ஊர் முடிவு என்றுதான் சொன்னார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தேர்தலில் வென்ற தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30 அன்று தம்மோடு இருந்தவர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் கிடைக்கும் ஒருமனத்தை நான் ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை.

மந்தைக்கும் கிராம சபைக்கும் உள்ள வேறுபாட்டையும் அப்பாவிடம் சொல்லுங்கள். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் உள்ள 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். மந்தையில் யார் உட்காரலாம் என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை, வழக்கம்தான் சொல்கிறது.

பதில்: முன்னாள் வார்டு உறுப்பினர், வாடிப்பட்டி

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனாலும் அப்பாவின் அச்சத்தை ஒதுக்கிவிட வேண்டாம். தேர்தல் முடிந்து ஐந்தாண்டுகள் பேச்சுவார்த்தையே இல்லாமல் போன பங்காளிகளை நான் பார்த்திருக்கிறேன். வாக்குக்குப் பணம் கொடுத்த கடனை வேட்பாளரின் பிள்ளைகள் அடைத்த வீடும் உண்டு.

இருந்தும் வாக்குச்சாவடியின் அட்டை மறைப்பை எந்த ஒற்றுமைக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வட்டிக்குப் பணம் தந்தவரும், வேலை கொடுக்கும் தோட்டக்காரரும், சொந்த மாமனாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மந்தையில் யார் மறுத்துக் கை தூக்குவார்கள்? முத்திரை குத்தும் அந்த நொடியில் மட்டும்தான் எங்களை யாரும் பார்ப்பதில்லை.

ஒருமித்த முடிவுக்கு நல்ல இடமும் உண்டு. 2025 ஜனவரியில் அரிட்டாபட்டிப் பகுதியின் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்வதற்கு முன், மேலூர் வட்டாரத்தில் பல கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. அது எல்லோருடைய நிலத்தையும் காக்கும் முடிவு. யாருடைய மனுவும் அங்கே விலக்கப்படவில்லை.

பதில்: கல்லூரி மாணவர், மதுரை

நம் முன்னோரின் குடவோலை முறையைப் போல, பணமும் போட்டியும் இல்லாமல் சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுத்தால் என்ன?

பதில்: மேலூர் ஆசிரியர் (ஓய்வு)

சீட்டு எடுப்பது நல்ல வழிதான். குடத்தில் எந்தப் பெயர்களைப் போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களின் பெயரை மட்டுமே ஓலையில் எழுதச் சொல்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தேர்வு விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது வியக்கத்தக்கது. ஆயினும் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. நம் அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு சொத்தையும் படிப்பையும் கேட்பதில்லை. வயதைக் கேட்கிறது, அதையும் 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள்.

பதில்: திருமங்கலத்துக்காரர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இவற்றை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பணத்தைப் பற்றிய பேச்சுக்கு அவர் இன்னும் உடன்படவில்லை. கோயில் கோபுரம் எழுந்திருக்கிறதே என்கிறார். அன்று மந்தையில் அம்மா இருந்தாரா, கிழக்குத் தெருவிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டபோது நெடுநேரம் யோசித்து, "கூப்பிடவில்லை" என்றார். அக்டோபர் 2 கிராம சபைக்கு அம்மாவும் நானும் போகிறோம். அப்பாவையும் அழைத்திருக்கிறேன்.