பழைய 00 கேஜ் இன்ஜின் ஊர்கிறது, மோட்டார் சுடுகிறது: வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. 1960களில் இங்கிலாந்தில் தயாரான 00 கேஜ் (16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் மாடல் ரயில் அளவு) நீராவி இன்ஜின் மாடல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 12 வோல்ட் டிசி மோட்டார். கன்ட்ரோலரை முழுசாகத் திருப்பினாலும் ஊர்ந்துதான் போகிறது. பெட்டி மாட்டினால் நின்றேவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு.

தண்டவாளம், சக்கரம் எல்லாம் துடைத்தாயிற்று. கம்யூட்டேட்டர் (மோட்டார் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் செம்புத் துண்டுகள்) கன்னங்கரேலென்று இருந்தது. அதன் இடுக்குகளில் அடைந்திருந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். அதில் உரசி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் புதுசு. ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) மூன்று சுருளிலும் மின்தடை ஒரே மாதிரி காட்டுகிறது. மோட்டாரைக் கழற்றினால் சக்கரங்கள் தடையில்லாமல் உருள்கின்றன. மோட்டாரைத் தனியாக ஓட்டினால் விர்ரென்று சுற்றுகிறது, ஆனால் தண்டை விரலால் லேசாகப் பிடித்தாலே நின்றுவிடுகிறது.

காந்தம் வலுவிழந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கால அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தத்தை, முனைகளை இரும்பால் இணைக்காமல் வெளியே எடுத்தால் சக்தி குறைந்துவிடும். முன்பு யாரோ கழற்றிய தடயம் திருகில் தெரிகிறது.

மறுபடி காந்தமேற்றுவது நல்லதா, சிறிதானாலும் வலுவான நியோடிமியம் காந்தம் பொருத்துவதா? பொருத்தினால், பழைய காந்தம் இருந்த இடத்தில் மிஞ்சும் இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது? சென்னைப் பக்கம் காந்தமேற்றித் தருபவர்கள் இருக்கிறார்களா? புது மோட்டார் போட மனமில்லை. இதே மோட்டாரோடு ஓட வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படமும் போட்டால் பெரிய உதவி.