1910-க்கு இரண்டு சாம்பியன், என் ஷீட்டுக்கு ஒன்றுதான் தெரியும்

ஸ்பெயினின் கோபா தெல் ரேய் கால்பந்துக் கோப்பையை 1903 முதல் வென்ற அணிகளை கூகுள் ஷீட்டில் தொகுக்கிறேன், ஆண்டுக்கு ஒரு வரிசை. 2025 வரை கூட்டினால் பார்சிலோனாவுக்கு 30தான் வருகிறது, 32 வரவேண்டும். அத்லெடிக் பில்பாவோ 24, அது சரி. (1902 கோப்பையையும் பில்பாவோக்காரர்கள் தங்கள் கணக்கில் சேர்ப்பார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.)

குளறுபடி 1910, 1913-இல். அமைப்புகள் பிளந்து ஆளுக்கொரு கோப்பை நடத்தின. 1910-இல் சான் செபாஸ்டியனில் அத்லெடிக், மாட்ரிட்டில் பார்சிலோனா. 1913-இல் ராசிங் தெ இருன் ஒன்று, பார்சிலோனா ஒன்று. ஸ்பெயின் கூட்டமைப்பு நான்கையும் ஏற்கிறது.

ஒரே கட்டத்தில் இரண்டு பெயரையும் கமா போட்டு எழுதினேன். பெயரை எண்ணும் கவுண்ட்இஃப் (COUNTIF) இருவரையும் விட்டுவிட்டது. இரண்டு வரிசையாகப் பிரித்தேன். எண்ணிக்கை சரியானது, ஆனால் ஆண்டை வைத்துத் தேடும் விலுக்கப் (VLOOKUP) முதல் வரிசையோடு நின்றுவிடுகிறது, பார்சிலோனா மறுபடி காணோம். 1910அ, 1910ஆ என்று போட்டதில் ஆண்டு எழுத்தாகி வரைபடம் கெட்டது.

ஆண்டை எண்ணாகவே வைத்துக்கொண்டு, 1910 என்று தேடினால் இரண்டு சாம்பியனும் வர எந்த ஃபார்முலா போடவேண்டும்?