ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கேஸில் விரிசல்: வெல்டிங் தாங்குமா, கேஸையே மாற்றணுமா?

பழையவண்டி:

வணக்கம். 1986 செவ்ரோலெட் பிக்கப் வைத்திருக்கிறேன். 5 லிட்டர் வி8 எஞ்சின், 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்சக்கர ஓட்டம் மட்டும். வண்டி நின்ற இடத்தில் சிவப்பு ஆயில் சொட்டுகிறது. கீழே படுத்துத் துடைத்துப் பார்த்தால், பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவ முன்பகுதி) வலது பக்கம் கீழ் போல்ட் துளையிலிருந்து பின்பக்கமாக நாலு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. அதைச் சுற்றிலும் ஈரம்.

கியர் எல்லாம் ஒழுங்காக விழுகிறது. ரிவர்ஸும் உடனே பிடிக்கிறது. ஆயிலில் கருகல் வாசனை இல்லை. வேகம் எடுத்தால் மட்டும் வண்டிக்குள் கால் வைக்கும் தரையில் ஓர் அதிர்வு. வண்டி என்னிடம் வந்ததிலிருந்தே இருக்கிறது.

இந்த மாடலில் பெல் ஹவுசிங் தனியாகக் கழலாது, கேஸோடு, அதாவது கியர்பாக்ஸின் வெளிக்கூட்டோடு, ஒரே வார்ப்பு. அதனால்தான் குழப்பம். வெல்டிங் வைத்தால் நிற்குமா? கேஸை மட்டும் மாற்ற முடியுமா, இல்லை முழு கியர்பாக்ஸாகத் தேடணுமா? பாரம் ஏற்றுகிற வண்டி. ஒப்பேற்றி ஓட்ட மனசில்லை.

ஆயில்கறை:

தம்பி, வெல்டிங்கா மாற்றமான்னு அப்புறம் பேசலாம். நீங்க சொன்னதுல ஒண்ணு உறுத்துது. பெல் ஹவுசிங்குக்குள்ள ஆயிலே இருக்கக் கூடாது. அது காய்ஞ்ச அறை. எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற கன்வெர்ட்டரும், அதை எஞ்சினோட இணைக்கிற ஃப்ளெக்ஸ் பிளேட்டும் சுத்துற இடம், அவ்வளவுதான். அங்க விரிசல் விட்டா ஆயில் வெளிய வர வழியில்ல. அப்படியும் ஈரம் இருக்குதுன்னா, விரிசல் பெல்லைத் தாண்டி ஆயில் பம்ப் உட்கார்ற இடம் வரைக்கும் ஓடியிருக்கணும். இல்லன்னா ஆயில் வேற எங்கிருந்தோ வந்து விரிசல் வழியா வெளிய எட்டிப் பார்க்குது. ரெண்டும் வேற வேற வேலை.

ஆயில் வரக்கூடிய இடங்கள் நிறைய. பம்பின் முன் சீல், பம்பைச் சுத்தியிருக்கிற ஓ ரிங், பம்ப் போல்ட்டுகளின் வாஷர். வெளிய பார்த்தா டிவி கேபிள் (த்ராட்டில் வால்வ் கேபிள், த்ராட்டிலை கியர்பாக்ஸோட இணைக்கிறது) கேஸுக்குள்ள நுழையுற இடம், டிப்ஸ்டிக் குழாயின் அடி, கூலர் லைன் நிப்பிள். மேல ஒழுகுற ஆயில் வழிஞ்சு கீழ வந்து நிக்கும், ஓடும்போது காத்து அதைப் பின்னால தள்ளும். அதனால ஈரமான இடத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. டிகிரீசர் போட்டு முழுசா கழுவி, காத்தடிச்சுக் காய வச்சு, டால்கம் பவுடர் தூவி எஞ்சினை ஓடவிடுங்க. முதல்ல எங்க சிவக்குதோ அங்கதான் ஊத்து. ஆயில்ல யூவி டை கலந்து நீல விளக்குல பார்த்தா இன்னும் தெளிவா தெரியும்.

அடுத்தது, ஏன் விரிஞ்சதுங்கிற கேள்வி. நல்லா உட்கார்ந்திருக்கிற கேஸ் தானா விரியாது. பிளாக்கில் ரெண்டு டோவல் பின் இருக்கணும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே நேர்கோட்டுல நிறுத்துறது அந்தப் பின்கள்தான். போல்ட் வெறுமனே இறுக்கிப் பிடிக்கும். பெல்லைச் சுத்தி ஆறு போல்ட்டும் இருக்கான்னு எண்ணுங்க. பின்னால கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூ ஜாயின்ட், டஸ்ட் கவரைக் கழற்றி ஃப்ளெக்ஸ் பிளேட். நீங்க சொன்ன அந்த அதிர்வை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். காரணத்தை விட்டுட்டு விரிசலை மட்டும் சரி பண்ணினா, புதுக் கேஸும் அதே இடத்துல விரியும்.

பழையவண்டி:

அண்ணே, நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். வலது பக்கக் கீழ் போல்ட் இல்லவே இல்லை. அதற்கு மேலே உள்ளதைக் கையாலேயே சுற்ற முடிந்தது. இடுக்கில் விளக்கடித்துப் பார்த்ததில் வலது பக்க டோவல் பின்னும் காணோம். முன்பு யாரோ கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியபோது போடாமல் விட்டிருக்கிறார்கள். மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. பின் யூ ஜாயின்ட்டைப் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று சத்தம்.

கேஸின் வெளிப்பக்கம் முழுக்கக் காய்ந்தே இருந்தது. டஸ்ட் கவரைக் கழற்றியதும் கன்வெர்ட்டரின் பின்பக்கம் சிவப்பாகத் தெறித்திருப்பது தெரிந்தது. ஆயில் முன்னாலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? விரிசல் எங்கே முடிகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

ஆயில்கறை:

ஆமா, முன் சீல்தான். கதை இப்ப ஒண்ணா சேருது பாருங்க. டோவல் பின் இல்லாம, போல்ட் இல்லாம கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு நேரா நிக்கல. கன்வெர்ட்டரின் கழுத்து பம்ப் புஷ்ல ஒரு பக்கமா தேய்ச்சுக்கிட்டே சுத்தியிருக்கு. புஷ் தேய்ஞ்சா கழுத்து ஆடும், ஆடுற கழுத்தை எந்த சீலும் தாங்காது. பின்னால யூ ஜாயின்ட்டும் மவுன்ட்டும் போனதால பெட்டியோட வால் பக்கம் குதிச்சிருக்கு. அந்த ஆட்டமெல்லாம் போய்ச் சேர்ற இடம் பெல்லின் கீழ் மூலை. விரிசலும் ஒழுகலும் ஒரே நோயோட ரெண்டு அறிகுறி. சீலை மட்டும் மாத்தினீங்கன்னா கொஞ்ச நாள்ல திரும்ப ஒழுகும்.

விரிசலோட முனையைக் கண்ணால தேடாதீங்க. டை பெனட்ரன்ட்னு ஸ்ப்ரே கிடைக்கும். சுத்தம் பண்ணிட்டு சிவப்புச் சாயத்தை அடிச்சு கால் மணி நேரம் விடுங்க, துணியால துடைங்க, மேல வெள்ளை டெவலப்பரைத் தூவுங்க. விரிசல் எவ்வளவு தூரம் ஓடுதோ அவ்வளவும் சிவப்புக் கோடா எழும்பி வரும். கியர்பாக்ஸ் ஆயிலும் சிவப்புதான், அதனால சுத்தம் முழுசா இருக்கணும், இல்லன்னா ஏமாந்துடுவீங்க. வண்டியிலேயே இதைப் பண்ண வேண்டாம், எப்படியும் இறக்கத்தான் போறீங்க.

மூணாங்கியர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். உலோக எபாக்சி அப்பி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு அது உதவாதா?

ஆயில்கறை:

பெல்லுக்கு உதவாது. அங்க வேலையே பாரம் தாங்குறதுதான், எபாக்சிக்கு அந்த பலம் கிடையாது. பாரம் விழாத, பிரஷர் இல்லாத இடத்துல ஊசி ஓட்டை மாதிரி கசிவு இருந்தா, எண்ணெய்ப் பசையே இல்லாம சுத்தம் பண்ணி, உரசி, பூசினா நிக்கிறது உண்டு. பிரஷர் ஓடுற கால்வாய்ல விரிசல்னா அதுவும் இல்ல. ரிவர்ஸ் போடும்போது லைன் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரைக்கும் போகும்.

பழையவண்டி:

இறக்கிவிட்டேன். பெனட்ரன்ட் அடித்ததில் விரிசல் நான் நினைத்ததைவிட நீளம். ஆனால் பம்ப் உட்காரும் முகத்துக்கு இரண்டு விரல் முன்பே நின்றுவிடுகிறது. போல்ட் துளையின் காதிலும் குறுக்கே இன்னொரு சின்ன விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவே இல்லை, வெள்ளைப் பூச்சில்தான் வந்தது. பம்ப் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளக்கிறது, அண்ணன் சொன்னபடியே. விரிசல் பெல்லோடு நிற்பதால் வெல்டிங் பற்றி இப்போது கேட்கலாமா?

ஆர்கான்:

அலுமினிய வார்ப்பு வெல்டிங் என் தொழில். செய்ய முடியும். எப்படிச் செய்தால் நிற்கும் என்று சொல்கிறேன், பிறகு முடிவெடுங்கள்.

பெட்டியை முழுக்கப் பிரித்து வெறும் கேஸாகக் கொண்டுவர வேண்டும். உள்ளே கிளட்ச், சீல், வால்வ் பாடி எதுவும் இருக்கக் கூடாது. சூடு ஒரு பக்கம், அரைத்த அலுமினியத் தூள் இன்னொரு பக்கம். அந்தத் தூளில் கொஞ்சம் வால்வுக்குள் போனாலும் வால்வ் சிக்கும்.

இத்தனை வருடம் ஆயிலில் ஊறிய வார்ப்பு அது. மேலே எவ்வளவு துடைத்தாலும் ஆர்க் பட்டதும் உள்ளிருந்து ஆயில் கொப்பளித்து வெல்டைக் கறுப்பாக்கிவிடும். அதனால் மெல்லச் சூடாக்கி, வெளியே வருவதைத் துடைத்து, திரும்பச் சூடாக்கி, வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவரிடம் கேஸைக் கொடுக்காதீர்கள். விரிசலின் முனையில் ஒரு சின்னத் துளை போட வேண்டும், அதற்கு மேல் ஓடாமல் அது நிறுத்தும். பிறகு விரிசல் நெடுக 'வி' வடிவத்தில் பள்ளம் வெட்டி, ஏசி கரன்ட்டில் டிக் வெல்டிங். ஃபில்லர் 4043, சிலிக்கான் கலந்தது, வார்ப்பு அலுமினியத்தோடு ஒத்துப்போகும். ஒரே மூச்சில் ஓட்டாமல் துண்டு துண்டாக வைத்து, ஒவ்வொன்றையும் ஆறவிட வேண்டும்.

உங்கள் கேஸில் எனக்குப் பயம் வெல்ட் உடைவதில் இல்லை, கோணுவதில்தான். பெல் கொஞ்சம் இழுத்துக்கொண்டாலும் கன்வெர்ட்டர் மறுபடி நேர்கோட்டை விட்டு விலகும். உதவாத பழைய எஞ்சின் பிளாக் ஒன்றில் டோவல் பின்களோடு கேஸை இறுக்கி வைத்து வெல்ட் செய்தால் கோணல் குறையும். முடிந்ததும் கிராங்க்கில் டயல் கேஜை மாட்டிச் சுற்றி, பம்ப் அமரும் வட்டம் கிராங்க்கின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று அளக்க வேண்டும். 0.25 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் காட்டினால் நான் அந்தக் கேஸை ஓட்டச் சொல்ல மாட்டேன். காதிலும் விரிசல் என்கிறீர்கள். அந்த இடம் மெல்லியது. சொந்தத் தொழிலை விட்டுக்கொடுத்துச் சொல்கிறேன்: நல்ல கேஸ் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் வாருங்கள், செய்து தருகிறேன்.

ஆயில்கறை:

நானும் அதையே சொல்றேன். வெல்டிங்னாலும் முழுசா பிரிக்கணும், கேஸ் மாற்றம்னாலும் முழுசா பிரிக்கணும். வேலை ஒண்ணுதான்னா விரிசல் இல்லாத கேஸுக்கே போங்க. ஆனா தேடும்போது சில விஷயம் பார்க்கணும்.

700ஆர்4 1982ல வந்தது. 1984 வரைக்கும் உள்ளதுல இன்புட் ஷாஃப்ட்டுக்கு 27 பல், 1985 முதல் 30 பல். முழு கியர்பாக்ஸா வாங்கினா பழைய கன்வெர்ட்டர் அதுல ஏறுமான்னு பல்லை எண்ணிப் பாருங்க. சின்ன வி6 எஞ்சினோட வந்த 700ஆர்4க்கு பெல்லின் போல்ட் அமைப்பே வேற, உங்க வி8ல உட்காராது. நாலு சக்கர ஓட்ட வண்டியில இருந்ததுக்கு வால் பக்கம் வேற. 1993 முதல் வந்த 4எல்60ஈயை யாராவது இதே பெட்டிதான்னு தள்ளிவிட்டா வாங்காதீங்க. அது எலக்ட்ரானிக், தனி கம்ப்யூட்டர் இல்லாம கியர் மாறாது. டிவி கேபிள் நுழையுற ஓட்டை இருக்கான்னு பார்த்தாலே தெரிஞ்சுடும்.

வெறும் கேஸ் கிடைச்சா இன்னும் நல்லது, உங்க உள் சாமான் நல்லா இருக்கு. கேஸையும் பெனட்ரன்ட் அடிச்சுப் பார்த்துட்டு எடுங்க. மாத்தும்போது பம்ப் புஷ், எல்லா சீலும், கிளட்ச் தட்டுகளும் புதுசா போடுங்க. பிரிச்ச பெட்டியில பழைய ரப்பரைத் திரும்பப் போடுறது பாவம். பம்பின் ரெண்டு பாதியையும் சேர்க்கும்போது சுத்தி ஒரு பட்டை கிளாம்ப் போட்டு விளிம்பைச் சமமாக்கிட்டு போல்ட் இறுக்கணும். அது தவறினா பம்ப் கேஸுக்குள்ள இறங்காது; அடிச்சு இறக்கினா கேஸ் போச்சு. ஷாஃப்ட்டின் எண்ட் பிளேயை (முன்னும் பின்னும் நகர்ற இடைவெளி) கையேட்டு அளவுக்கு வாஷர் தேர்ந்தெடுத்துச் சரி பண்ணுங்க.

பழையவண்டி:

அதே மாடல் வெறும் கேஸ் ஒன்று கிடைத்தது. விரிசல் இல்லை, பெனட்ரன்ட் அடித்துப் பார்த்தேன். உள் சாமான்களை மாற்றி அடைப்பதற்கு ஆட்டோமேட்டிக் மட்டுமே செய்யும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். வண்டியில் ஏற்றுவது நானும் தம்பியும். ஏற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஆயில்கறை:

முதல்ல ரெண்டு டோவல் பின்னும் பிளாக்கில். அது இல்லாம ஜாக்கைத் தூக்கவே தூக்காதீங்க.

கன்வெர்ட்டருக்குள்ள ஒரு லிட்டர் ஆயில் ஊத்திட்டு, சுத்திக்கிட்டே பின்னால தள்ளுங்க. படிப்படியா உள்ள இறங்கும். கடைசிப் படி இறங்கினாத்தான் அது பம்பைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பெல் பிளாக்கோட கையாலேயே முழுசா ஒட்டணும். இடைவெளி நிக்குதேன்னு போல்ட்டால இழுத்தா பம்ப் உடையும். பெல் ஒட்டினப்புறம் கன்வெர்ட்டர் கையால தாராளமா சுத்தணும். அதுக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவுல 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கணும். ஆறு போல்ட்டும் டார்க் ரெஞ்சால 47 நியூட்டன் மீட்டர்.

கூலரையும் லைனையும் கழுவாம இணைக்காதீங்க, பழைய தூள் எல்லாம் அங்கதான் தங்கியிருக்கும். லைன் நட்டை முறுக்கும்போது கேஸ் பக்கத்து நிப்பிளை இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்கணும், கேஸ் விரியுறதுக்கு அதுவும் ஒரு வழி. யூ ஜாயின்ட் ரெண்டும், மவுன்ட்டும் புதுசு. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை பேலன்ஸ் பார்க்கக் கொடுங்க.

டிவி கேபிளை ஓட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே சரி பண்ணணும். எஞ்சின் நின்னிருக்கும்போது பூட்டை அழுத்தி, ஸ்லைடரை த்ராட்டிலை விட்டு விலகுற பக்கமா முழுசா தள்ளி, பூட்டை விட்டுட்டு, த்ராட்டிலைக் கையால முழுக்கத் திறங்க. தானா வந்து நிக்கும். இந்தக் கேபிள் தளர்வா இருந்தா பிரஷர் குறையும், புதுக் கிளட்ச் கொஞ்ச தூரத்துலயே கருகும்.

பழையவண்டி:

ஏற்றியாகிவிட்டது. அந்த அதிர்வு அடியோடு போய்விட்டது. வண்டி இப்படி ஓடும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பெல்லின் அடி காய்ந்திருக்கிறது. அண்ணனுக்கும் ஆர்கான் நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: பாரம் ஏற்றி ஓட்டி வந்தபின் வலது பக்கம் கேஸின் மேலே, டிப்ஸ்டிக் குழாய் இறங்கும் இடத்தில் மெல்லிய ஈரம்.

ஆயில்கறை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆயில் அளவை எப்படிப் பார்த்தீங்க? எஞ்சின் ஓடிக்கிட்டு, பெட்டி நல்லா சூடாகி, லீவர் பார்க்ல, வண்டி சமதரையில இருக்கும்போதுதான் பார்க்கணும். குளிர்ல நிரம்பத் தெரியுற அளவுக்கு ஊத்தினா சூட்டுல ஏறி நுரைச்சு வெளிய தள்ளும். அளவு சரியா இருந்தும் ஈரம் வந்தா, குழாய் அடியில இருக்கிற ரப்பர் சீல் மடங்கியிருக்கும். குழாயைப் பிளாக்கோட பிடிக்கிற போல்ட்டைக் கழற்றி, மேல இழுத்து, புது சீலுக்கு ஆயில் தடவி நேரா இறக்குங்க. கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்ல.