அபு சிம்பெல் பாடம்: கோயிலைத் தூக்கினார்கள், ஊரை?

கரும்பலகை:
எட்டாம் வகுப்புக்கு ‘உலகக் குடிமக்கள்’ என்று ஒரு பாடம் எடுக்கணும். எகிப்துல நைல் நதிக்கரையில இருக்கிற அபு சிம்பெல் கோயில்களைச் சொல்லலாம்னு இருக்கேன். நைல்ல வர்ற அஸ்வான் உயர் அணையால், எகிப்து-சூடான் எல்லையில இருக்கிற நூபியாவோட பெரும்பகுதி மூழ்கப்போகுதுன்னு தெரிஞ்சதும் 1960-ல் யுனெஸ்கோ உலகத்துகிட்ட உதவி கேட்டது. 1964 முதல் 1968 வரை, பழங்கால எகிப்து மன்னர் ராம்சேஸ் கட்டின ரெண்டு கோயில்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளா அறுத்து, 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னே கொண்டுபோய் அடுக்கினாங்க. சில துண்டு 30 டன்! சுமார் 50 நாடு பணம் போட்டிருக்கு. அதுவும் பனிப்போர் நடக்கும்போது. அணைக்குச் சோவியத் காசு, கோயிலுக்கு அமெரிக்கக் காசு. இதைவிட நல்ல உதாரணம் இருந்தா சொல்லுங்க.

மேட்டூர்க்காரன்:
உதாரணம் நல்லாத்தான் இருக்கு சார், பாதியில நிறுத்திட்டீங்க. அந்தத் தண்ணிக்கடியில போன நூபியர்கள் எங்கே? எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 பேர். ஆத்தோர வீடு, பேரீச்ச மரம் எல்லாத்தையும் விட்டுட்டு கொம் ஓம்போ பக்கம் குடியேத்தினாங்க. சூடான்ல வாதி ஹல்ஃபா ஊரே மூழ்கிப்போச்சு. கல்லுக்கு 50 நாடு வந்துச்சு, ஆளுக்கு?

எங்க தாத்தாவோட அம்மா ஊரும் மேட்டூர் அணையில போனதுதான். தண்ணி இறங்கினா பண்ணவாடியில நந்தியும் சர்ச் கோபுரமும் தெரியும், டிவிக்காரங்க ஓடி வருவாங்க. அந்தக் கிழவி வீட்டுச் சுவரைத் தேடி ஒருத்தரும் வந்ததில்லை.

கரும்பலகை:
வருத்தம் புரியுது தம்பி. ஆனா அணையைக் கட்டினது யுனெஸ்கோ இல்லை, எகிப்து அரசு. எப்படியும் மூழ்கப்போறதைக் காப்பாத்தினது தப்பா? 1972 உலகப் பாரம்பரிய உடன்படிக்கைக்கு வழிவிட்டதே இந்த முயற்சிதான். அந்த உடன்படிக்கைப் பட்டியல்லதான் மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் இருக்கு. நம்ம தொல்லியல் துறையும் பி.பி. லால் தலைமையில நூபியாவுக்குப் போய் அகழாய்வு பண்ணியிருக்கு.

வெண்கலக்கிண்ணி:
தர்ம காரியம்னு மட்டும் சொல்லாதீங்க, மொய்க்கணக்கு. உதவின நாடுகளுக்கு எகிப்து கோயிலையே தூக்கிக் கொடுத்துச்சு. டெண்டூர் நியூயார்க்குக்கு, டெபோத் மாட்ரிட்டுக்கு, டாஃபே நெதர்லாந்தோட லைடனுக்கு. பாலைவனத்துக் கல்லு மாட்ரிட்ல திறந்தவெளியில மழையில நனையுது. டாஃபேவை மட்டும் கட்டணம் வாங்காம காட்டணும்னு நிபந்தனை போட்டாங்களாம், அது எனக்குப் பிடிச்சது.

கரும்பலகை:
மொய்யில என்ன கேவலம்? வாங்கினதைத் திருப்பிச் செய்றதுதானே.

மேட்டூர்க்காரன்:
அந்தக் கணக்குல நூபியர் பேரே இல்லையே சார். 2014 எகிப்து அரசியல் சட்டத்துல 236-வது பிரிவு, பத்து வருஷத்துக்குள்ள அவங்களைச் சொந்த மண்ணுக்குத் திரும்ப அழைச்சுட்டுப் போகத் திட்டம் போடணும்னு எழுதியிருக்கு. பத்து வருஷம் முடிஞ்சே போச்சு. அதையும் கரும்பலகையில எழுதுங்க.

கரும்பலகை:
எழுதறேன். மூழ்கின ஊர்களையும் வரைபடத்துல குறிக்கச் சொல்றேன். அதுக்காகக் கோயிலை நகர்த்தினதைக் குத்தம்னு சொல்லித்தர மாட்டேன்.

மேட்டூர்க்காரன்:
குத்தம்னு நான் எங்கே சொன்னேன்? 45 நிமிஷத்துல அந்த 50,000 பேருக்கு எவ்வளவு நேரம்?

கரும்பலகை:
பதினைஞ்சு.

மேட்டூர்க்காரன்:
இருபது குடுங்க சார்.