பூட் ஆகும்போது /டெம்ப்-ஐத் துடைக்கலாமா?

தக்கலை ஜெராக்ஸ்:
கடைக் கம்ப்யூட்டரில் புதிதாக டெபியன் 13 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டேன். அதில் /டெம்ப், அதாவது தற்காலிக ஃபைல்கள் தங்கும் அடைவு (ஃபோல்டர்), ராமுக்குள் போய்விட்டது. என் 4 ஜிபிக்குத் தாங்காது என்று அப்படி ராமில் வைக்கும் டெம்ப்.மவுண்டை மாஸ்க் செய்தேன் (ஓடவிடாமல் முடக்கினேன்). அப்போதிருந்து வாடிக்கையாளரின் ஆதார், பத்திர ஸ்கேன் எல்லாம் டிஸ்க்கிலேயே தேங்குகிறது. அதனால் பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் ஸ்கிரிப்டில், அதிலுள்ளதையெல்லாம் அழிக்க 'ஆர்எம் -ஆர்எஃப் /டெம்ப்/*' என்று ஒரு வரி. காலையில் மெஷினைப் போட்டால் சுத்தம். எல்லோரும் இப்படியே செய்யலாமே?

நாகர்கோவில் ரூட்:
வேண்டாம் அண்ணே. ஆர்சி.லோக்கல் ஓடும் நேரத்துக்குள் அப்பாச்சி (வெப் சர்வர்) மாதிரி பின்னணியில் ஓடும் சேவைகள் /டெம்ப்-க்குள் 'சிஸ்டம்டி-பிரைவேட்' என்று தொடங்கும் தனி அடைவுகளைப் போட்டு வைத்திருக்கும். உங்கள் வரி அதையும் வாரிக்கொண்டு போகும். சேவை ஓடுவதாகவே காட்டும், தற்காலிக ஃபைல் எழுதப் போனால்தான் பிழை வரும். காரணம் தேடியே பொழுது போய்விடும். இவ்வளவுக்கும் அந்த நட்சத்திரக் குறி, புள்ளியில் தொடங்கும் ஃபைல்களைத் தொடாது!

தற்காலிக ஃபைல்களைத் துடைக்கவே சிஸ்டத்தோடு வரும் சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் சும்மாவா இருக்கிறது? பூட் ஆகி 15 நிமிடத்தில் ஒருமுறை, அப்புறம் நாளுக்கு ஒருமுறை பார்க்கும். தொடாமல் கிடக்கும் ஃபைலுக்கு /டெம்ப்-இல் 10 நாள் கெடு, இன்னொரு தற்காலிக அடைவான /வார்/டெம்ப்-இல் 30 நாள்; அப்புறம் துடைத்துவிடும்.

தக்கலை ஜெராக்ஸ்:
ஊரார் ஆதார் 10 நாள் என் மெஷினில் கிடக்கணுமா? நாளைக்கு ஒன்று ஆனால் என்னிடம்தானே வந்து நிற்பார்கள்?

குளச்சல் காத்து:
நான் இரண்டு பேருக்கும் எதிர். ஆடிக் காற்றில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பாதி ஸ்கேன் ஆன பத்திரம், கரண்ட் வந்து பூட் ஆனதும் காணோம் என்றால் அந்த அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? பூட்டில் எதையும் தொடாதீர்கள்.

நாகர்கோவில் ரூட்:
பாதி வேலையை /டெம்ப்-இல் வைப்பதுதான் தப்பு மக்கா. மறுபடி பூட் ஆன பின்னும் இருக்க வேண்டியதற்கு /வார்/டெம்ப் இருக்கிறது, அல்லது ஹோமில் ஒரு ஃபோல்டர். தக்கலை அண்ணனுக்குப் பூட்டில் துடைத்தே ஆகவேண்டும் என்றால், /இடிசி/டெம்ப்ஃபைல்ஸ்.டி அடைவில் டெம்ப்.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலை வைத்து, /டெம்ப் வரியின் முதல் எழுத்தைப் பெரிய 'டி' (D) ஆக்கட்டும். சேவைகள் எழும்பும் முன்பே துடைத்துவிடும். டெபியன் 12 வரை அதுதான் வழக்கம்.

குளச்சல் காத்து:
மாஸ்க்கை எடுத்துவிட்டு ராமிலேயே விடலாமே? ஆஃப் செய்தாலே போய்விடுமே.

தக்கலை ஜெராக்ஸ்:
600 டிபிஐ-இல் ஒரு ஏ4 கலர் பக்கம், சுருக்காமல் 100 எம்பிக்கு மேல். ராமில் பாதிதான் /டெம்ப்-க்குக் கிடைக்கும், 2 ஜிபி. 20 பக்கத்தில் நிரம்பி நிற்கும். அது நடக்காது. பெரிய 'டி' போடுகிறேன், ஆர்சி.லோக்கல் வரியை எடுக்கிறேன். 10 நாள் கெடுவுக்கு மட்டும் ஆளில்லை.

குளச்சல் காத்து:
ஆர்எம் அடித்தாலும் பெயர்தான் போகும், டிஸ்க்கில் தகவல் கிடக்கும். ஆதார்தான் கவலை என்றால் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள் அண்ணே. துடைப்பதைப் பற்றி அப்புறம் சண்டை போடுவோம்.